மடியில் ஒரு காலோடு

என் நாத்தனாரும் நானும் நெருக்கமானது, என் கல்யாணப் புடவையில் அவள் வாந்தி எடுத்த அன்றைக்குத்தான். மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வேனில் போய்க்கொண்டிருந்தோம். புதுப்பெண்ணுக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று சின்னவர்களுக்குள் போட்டி நடந்து, மாப்பிள்ளையின் ஒரே தங்கை என்ற உரிமையில் அவள் ஜெயித்தாள். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். முதல் பெரிய வளைவிலேயே விளையாட்டு முடிந்துவிட்டது.

வேனை நிறுத்தி ஆளாளுக்கு அவளைத் திட்டினார்கள். அவள் அழவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து என் முந்தானையைக் கழுவிக்கொண்டே, "அண்ணி, இனிமே இந்த வீட்ல நீங்க எனக்குப் பயப்பட வேணாம். நான்தான் உங்களுக்குப் பயப்படணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புகுந்த வீட்டில் நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான்.

வீட்டில் அவளுக்கு எலுமிச்சை என்றே பேர் வைத்திருந்தார்கள். பஸ், கார், ஆட்டோ, ஏன், பூங்கா ஊஞ்சல்கூட அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. என் மாமனார் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உயரமாக நிற்கும் கட்டடங்களில் பாதியில் அவர் கைபட்ட லிஃப்ட்தான் ஓடியது. மகளோ லிஃப்டில் ஒரு தடவை ஏறினால் அரை மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "ஊர்ச்சனத்தையெல்லாம் ஏத்தி இறக்குறேன், பெத்த பொண்ணை ஒரு மாடி ஏத்த முடியல" என்று அவர் அலுத்துக்கொள்வார். அதனால் அவள் எங்கேயும் நடந்தே போனாள். நடந்து எட்டாத இடம் அவளுக்கு உலகத்திலேயே இல்லாத இடம்.

மாமியார் அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்ஸ். பள்ளிக்கூடம் விட்டதும் எலுமிச்சை நேரே அங்கே நடந்து போய், அம்மாவின் வேலை முடியும்வரை ஒரு மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அங்கேதான் கட்டில்களுக்கு அடியில் கிடந்த கால்களைப் பார்த்தாள். விபத்திலோ சர்க்கரை நோயிலோ காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் எங்கிருந்தோ வரும். போட்டுப் பார்ப்பார்கள். கடிக்கும், புண்ணாகும். கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பழையபடி கக்கத்தில் கட்டையை இடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் போனபிறகும் கால் அங்கேயே கிடக்கும்.

"செருப்பு கடிச்சா வேற செருப்பு வாங்குறோம். கால் கடிச்சா என்னம்மா பண்றது?" என்று ஒருநாள் கேட்டாளாம். மாமியார் ஏதோ வேலையில், "நீ படிச்சு வந்து சரிபண்ணு" என்று சொல்லிவைத்தார். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவள் மறக்கவில்லை.

கல்லூரி வயது வந்தபோது, செயற்கைக் கை கால் செய்வதற்கென்றே நல்ல படிப்பு ஒன்று வெளிநாட்டில் இருப்பதைத் தேடிப் பிடித்தாள். உதவித்தொகைக்கு எழுதிப்போட்டாள். கிடைத்தும் விட்டது. வீட்டில் யாருக்கும் சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியவில்லை. "கடைத்தெரு வரைக்கும் பஸ்ல போகமுடியாத பொண்ணு, கடல் தாண்டிப் போகுதாம்" என்றார் மாமனார். என் வீட்டுக்காரர், விமானத்துக்குள் நடந்துகொண்டே போக இடம் இருக்குமா என்று விசாரித்தார். நான் மட்டும் போகட்டும் என்றேன். என் புடவையை நாசமாக்கிய பிறகும் அதே சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தவள் அவள். சமாளித்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது.

விமானத்தில் தன் வாந்திப் பையையும் தீர்த்து, பக்கத்துச் சீட்டுக்காரரின் பையையும் தீர்த்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் மாடியில் ஒரு சிறிய அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குழாய்கள். அறையிலிருந்து கல்லூரி நல்ல தூரம். பஸ் இருந்தது, இவள் ஏறவில்லை. மழையிலும் குளிரிலும் அதே தெரு வழியாக நடந்து போய் அதே தெரு வழியாகத் திரும்பினாள். கூடப் படித்தவர்கள் விடுமுறை நாட்களில் கடற்கரைக்கும் பக்கத்து நகரங்களுக்கும் கூப்பிட்டார்கள். தலைவலி, துணி துவைக்கணும், பரீட்சைக்குப் படிக்கணும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. வயிற்றைப் புரட்டும் என்று சொல்ல வெட்கம். கொஞ்ச நாளில் அவர்கள் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். "வெளிநாட்டுல ஒரு வருஷம் இருந்தேன் அண்ணி, பார்த்தது ஒரே ஒரு தெரு" என்று பிற்பாடு சொன்னாள். அந்த நாட்டு மொழியும் அவளுக்குக் கால்வாசிதான் வந்தது. தெருவில் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாதவளுக்கு மொழி எங்கிருந்து வரும்?

இரண்டாம் வருஷம் வசமாக மாட்டிக்கொண்டாள். அந்தக் கல்லூரியில் பழைய பஸ் ஒன்றைப் பட்டறையாக மாற்றி வைத்திருந்தார்கள். உள்ளே மாவுக்கட்டுப் போட ஒரு மேசை, தேய்க்கிற இயந்திரம், நடந்து பழகக் கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் உண்டு. வாரம் ஒருநாள் அது மலையடிவார ஊர்களுக்குப் போகும். மாணவர்கள் கூடவே போய் அளவெடுக்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும். போகாவிட்டால் பட்டம் கிடையாது. எலுமிச்சை பேராசிரியையிடம் போய் விலக்குக் கேட்டாள். கால் இல்லாதவர்களை நம்மிடம் வரச்சொல்லிவிட்டு நாம் உட்கார்ந்திருப்பதா என்று அவர் திருப்பிக் கேட்டார். இவள் அடுத்த பயணத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

பட்டறை பஸ்ஸை ஓட்டியவள் இவளைவிடச் சில வயதே மூத்த ஒரு பெண். அகன்ற தோள், உரத்த குரல். எல்லோரும் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். முதல் பயணத்தில் எலுமிச்சை பின்சீட்டில் ஒளிந்து உட்கார்ந்து, வழக்கமான காரியத்தைச் செய்துவிட்டாள். பஸ்ஸைக் கழுவும் வேலை கேப்டனுடையது. அவள் ஒன்றும் தேன் ஒழுகப் பேசவில்லை.

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல? வாய் எதுக்கு இருக்கு?" என்றாள்.

அடுத்த வாரம் முன்சீட்டுக்கு மாறச் சொன்னாள். சும்மா உட்கார விடவில்லை. மலைப்பாதையில் மூடுபனி இறங்கும். வழிப்பலகைகளை முன்கூட்டியே பார்த்து உரக்கப் படித்துச் சொல்வது இவள் வேலை. எலுமிச்சைக்கு அந்த மொழி எழுத்தே தடவல். ஆனாலும் கண்ணைத் தூரத்தில் பதித்து, 'குறுகிய பாலம்', 'கல் விழும் இடம்', 'வளைவு' என்று திக்கித் திக்கிப் படித்தாள். தப்பாகப் படித்தால் கேப்டன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் திருத்துவாள். பாதி வழி போனபிறகுதான் தன் வயிறு சும்மா இருப்பதை எலுமிச்சை கவனித்தாள். மடியையும் முன்சீட்டின் முதுகையும் பார்த்துக்கொண்டு போனால் புரட்டுகிறது, தொலைவைப் பார்த்துக்கொண்டு போனால் அடங்குகிறது. இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு ஆத்திரமே வந்ததாம். முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் எட்டாத ஊர்கள் எட்ட ஆரம்பித்தன.

அந்த மலை ஊர்களில் ஒன்றில்தான் பேக்கரிக்காரரைப் பார்த்தாள். ஐம்பதை ஒட்டிய மனிதர். ஒரு பேக்கரியில் மாவு பிசைந்து ரொட்டி போடும் வேலை. சாலை விபத்தில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஏற்கெனவே வந்த ஒரு கால் கடித்ததால் கழற்றிப் போட்டிருந்தார். எலுமிச்சைக்கு உடனே அம்மாவின் வார்டு கண்ணுக்குள் வந்தது. அளவு நானே எடுக்கிறேன் என்று முன்வந்தாள். முழுக்க அவள் கையாலேயே செய்த முதல் கால் அது. மீந்த கால் உள்ளே போய் உட்காரும் பாகத்தைச் சாக்கெட் என்கிறார்கள். பார்க்க ஆழமான கிண்ணம் மாதிரி இருக்கும். அந்தக் கிண்ணம் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது. அதைச் செய்து, பிடிக்காமல் உடைத்து, திரும்பவும் செய்தாள்.

கால் தயாரான வாரம் பட்டறை பஸ் பிரேக் பழுதாகி நின்றுவிட்டது. விடுமுறை வேறு. மாணவர்களில் பெரும்பாலோர் ஊருக்குப் போய்விட்டார்கள். பேக்கரி முதலாளி திங்கட்கிழமை வரை பொறுப்பதாகவும், அதற்குமேல் வேறு ஆள் போட்டுக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார் என்று பேக்கரிக்காரர் போன் செய்தார். காலைப் பார்சலில் அனுப்பிவிடலாம். ஆனால் போட்டுப் பார்த்துச் சரிசெய்ய ஆள் வேண்டுமே. பேராசிரியை யோசித்துக்கொண்டிருந்தபோது, "நான் கொண்டுபோறேன்" என்று தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எலுமிச்சையே திடுக்கிட்டாள்.

தனியாக, பொதுப் பஸ்ஸில், ஒரு இடத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும். தோளில் ஒரு பை. அதில் அரம், பஞ்சுத் துணி, ஒட்டும் பட்டைகள். துணியில் சுற்றிய கால் மடியில். முன்சீட்டுக் கிடைக்கவில்லை. பயத்தில் வாந்தி மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டாள். அதுதான் வம்பாகப் போனது. அந்த மாத்திரை வயிற்றை மட்டும் தூங்கவைக்காது, ஆளையே தூங்கவைத்துவிடும். மாற வேண்டிய இடம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. டிரைவர் தோளைத் தட்டி எழுப்பியபோது பஸ் காலியாக இருந்தது. கடைசி நிறுத்தம். கல் உடைக்கும் குவாரிகள் சூழ்ந்த ஏதோ ஓர் ஊர். சாயங்காலமாகிக்கொண்டிருந்தது. திரும்புகிற பஸ் மறுநாள் காலையில்தான் என்று சொல்லிவிட்டு டிரைவர் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஞாயிறு. மறுநாள் பஸ்ஸில் திரும்பி, மாற வேண்டிய இடத்தில் இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் திங்கட்கிழமை தாண்டிவிடும். வாய் எதுக்கு இருக்கு என்று கேப்டன் கேட்டது ஞாபகம் வந்ததா என்று நான் கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, பசித்தது, அதனால் எழுந்தேன் என்றாள்.

எதிரே முடிதிருத்தும் கடை மட்டும் திறந்திருந்தது. உள்ளே கடைக்காரர், அவர் மனைவி, முகத்தில் பாதி சோப்பு நுரையோடு ஒரு லாரி டிரைவர், காத்திருக்கும் இரண்டு மூன்று பேர். எலுமிச்சை வாசலில் நின்று தனக்குத் தெரிந்த மொழியைக் கூட்டிக்கழித்து, பேக்கரிக்காரருக்குக் கால் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொன்னாள். சொன்னதாக நினைத்தாள். ஓர் எழுத்து மாறிப்போனதில், பேக்கரிக்காரரின் காலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று ஆகிவிட்டது. கத்தியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. நிலைமை புரியாமல் இவள் துணியைப் பிரித்துக் காலை வேறு எடுத்து மேசைமேல் வைத்தாள்.

நல்லவேளை, அது பிளாஸ்டிக் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. கடைக்காரரின் மனைவி முதலில் சிரித்தாள். பிறகு கடையே சிரித்தது. லாரி டிரைவர் சிரித்ததில் நுரை வாய்க்குள் போய்விட்டது. சிரிப்பு அடங்கியதும் விஷயத்தைக் கேட்டார்கள். இவள் கையாலும் வாயாலும் சொல்லி முடித்தாள். அவள் போகவேண்டிய ஊர் மலைக்கு அந்தப் பக்கம். லாரி டிரைவர் ஜல்லி ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் போகிறார். வேண்டுமானால் ஏறிக்கொள் என்றார்.

இங்கேதான் அவள் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. தலையை ஆட்டிவிட்டு ஏறிவிடவில்லை. பயந்து ஓடிப்போகவும் இல்லை. முதலில் கேப்டனுக்குப் போன் போட்டுக் கடைக்காரரிடம் கொடுத்தாள். லாரி நம்பர், டிரைவர் பேர், எந்த வழி என்று எல்லாவற்றையும் கேப்டன் கேட்டு வாங்கினாள். பிறகு எலுமிச்சை கடைக்காரரின் மனைவியைப் பார்த்து, "நீங்களும் கூட வர முடியுமாக்கா? தனியா போக எனக்குப் பயமா இருக்கு" என்று கேட்டாள். டிரைவர் கோபித்துக்கொள்ளவில்லை, அவருக்கும் பெண் இருந்தாள். அந்த அக்காவுக்கு அந்த ஊரில் தங்கை வீடு இருந்தது. போய் நாளாயிற்று, வா போகலாம் என்று ஏப்ரனைக் கழற்றிப் புருஷனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

லாரியில் ஏறுவதற்குமுன் எலுமிச்சை இன்னொன்றும் சொன்னாள். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒருவரிடமும் தானாக வாயைத் திறந்து சொல்லாத விஷயம்.

"எனக்கு வண்டியில வயிறு புரட்டும். நிறுத்துங்கன்னு சொன்னா உடனே நிறுத்திடணும்."

அவ்வளவுதானா என்பதுபோல டிரைவர் பார்த்தார். என் பெரியவளுக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுக்கும்படி அக்காவிடம் சொன்னார். இத்தனை வருஷம் சாக்குச் சொல்லிச் சொல்லி எத்தனை ஊர்களைத் தவறவிட்டோம் என்று அந்த நிமிஷத்தில் நினைத்துக்கொண்டாளாம். சொல்வதற்கு இவ்வளவு சின்ன விஷயமா இது.

கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் உட்கார்ந்த அக்கா ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். எலுமிச்சை மடியில் காலைக் கட்டிப்பிடித்தபடி, தூரத்தைப் பார்த்துப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். ஒரே ஒரு தடவை நிறுத்தச் சொன்னாள். டிரைவர் நிறுத்தினார். இறங்கி, முகம் கழுவி, மலைச்சரிவில் வெயில் சாய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறினாள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். பேக்கரிக்காரர் வீட்டு வாசலிலேயே கட்டைகளை ஊன்றி நின்றிருந்தார். கேப்டன் முன்பே போன் செய்து சொல்லியிருந்தாள். பேக்கரி வீட்டுக்கு அடுத்த கட்டடம். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருந்தது என்று உள்ளே போனார்கள். அடுப்பு அணைந்திருந்தது. நீளமான பிசையும் மேசை. எலுமிச்சை தரையில் உட்கார்ந்து காலை மாட்டிவிட்டாள். எழுந்து நின்றார். முகம் சுருங்கியது. எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு, இல்லை இல்லை நன்றாக இருக்கிறது என்றார். தூரத்திலிருந்து வந்த பெண் மனசு நோகக்கூடாதே என்ற தாட்சண்யம்.

"நல்லாயிருக்குன்னு சொல்லாதீங்க. அப்புறம் கழட்டிக் கட்டிலுக்கு அடியில போட்டுடுவீங்க. எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க" என்றாள் எலுமிச்சை. எழுத்து மாறவில்லை, சுத்தமாக வந்தது.

அவர் முழங்காலுக்கு உட்பக்கம் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். கழற்றி, அந்த விளிம்பை அரத்தால் தேய்த்தாள். மாட்டிப் பார்த்தாள். திரும்பவும் கழற்றித் தேய்த்தாள். உள்ளே ஒரு மெல்லிய பட்டை ஒட்டினாள். அக்காவும் டிரைவரும் போகாமல் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ தடவைக்குப் பிறகு அவர் எழுந்து நின்றபோது முகம் சுருங்கவில்லை. ஒரு கட்டையை விட்டார். பிறகு மற்றதையும். மேசை வரை மெல்ல நடந்தார். அங்கே நின்று இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாள் ரெண்டு கையும் கட்டைக்குத்தான் வேலை பார்த்துச்சு. இப்பதான் எங்கிட்ட திரும்பி வந்திருக்கு" என்றார்.

பிறகு ஈரத்துணி ஒன்றை எடுத்து, சுத்தமாக இருந்த அந்த மேசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை துடைத்தார். எலுமிச்சை அரத்தைப் பையில் வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

அன்று அக்காவின் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு எங்களுக்குப் போன் செய்தாள். வீடே போனைச் சுற்றி நின்றது. மாமியார் சாப்பிட்டாயா என்று கேட்டார். மாமனார்தான் போனைப் பிடுங்கினார்.

"எந்த ஊர்ல இருக்கேம்மா?"

"பேரு வாயில நுழையலப்பா. ஆனா எப்படித் திரும்பறதுன்னு தெரியும்."

மாமனார் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

பேக்கரிக்காரர் திங்கட்கிழமை வேலைக்குப் போனார். எலுமிச்சை அதற்குப்பிறகு எங்கேயும் போகாமல் இருக்கவில்லை. கூடப் படித்தவர்களிடம் தானே போய், "நானும் வர்றேன். எனக்கு முன்சீட்டு வேணும், நடுவுல நிறுத்த வேண்டியிருக்கும், சம்மதமா?" என்று கேட்டாள். ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. கடற்கரைக்குப் போனாள். கேப்டனின் அம்மா வீட்டுக்குப் போனாள். ஒரு தடவை தப்பான ரயிலில் ஏறி, இறங்கிய ஊர் நன்றாக இருக்கிறதென்று சாயங்காலம் வரை சுற்றிவிட்டு வந்தாள். மாத்திரையை ஒன்றுக்குமேல் போடுவதில்லை. போகிற வழியில் யாரிடமாவது பேசாமல் வருவதுமில்லை. அந்த நாட்டு மொழியில் சண்டை போடும் அளவுக்குத் தேறினாள்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பி, அம்மா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் பிரிவில் சேர்ந்தாள். அறைக்குள் உட்கார்ந்து செய்து அனுப்பும் வேலைதான் அது. அவள் ஜீப் கேட்டாள். தர மறுத்தார்கள். நச்சரித்து, வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டாள். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு அவளுடையது. கால் வாங்கிப் போனவர்களின் வீட்டுக்கே போய், எங்கே கடிக்கிறது என்று கேட்டுச் சரிசெய்துவிட்டு வருகிறாள்.

இப்போது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஒரு குடியிருப்பிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள். அங்கே இரண்டு பேருக்குக் கால் வேண்டும். வண்டி ஆற்றங்கரை வரைதான் போகும். ஓடத்தில் அளவெடுக்கிற மாவுக்கட்டு மூட்டையை ஏற்றலாம் என்று ஓடக்காரர் சொல்கிறார். தண்ணீர் குறைந்துவிட்டது, இறங்கி நடந்தே போகலாம் என்று மீன்காரர் சொல்கிறார். எலுமிச்சை காலையிலிருந்து கூடத்தில் உட்கார்ந்து மூட்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். "அண்ணி, உங்களுக்கு நாளைக்கு லீவுதானே? இன்னொரு கை இருந்தா நல்லாயிருக்கும்" என்கிறாள். என் ரப்பர் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடப் போகிறேன்.